மரத்துப்போற ஊசி கண்ணைக் கெடுக்குமா?

கண்டனூரில் பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. கிராம்பை அடக்கிக்கொண்டே மூன்று மாதம் ஓட்டிவிட்டார். ஒருநாள் காலையில் பார்த்தால், கன்னம் வீங்கி முகப்பில் உட்கார்ந்திருக்கிறார். "ஆஸ்பத்திரிக்குப் போவோம் ஆச்சி" என்றேன். "ஊசி போட்டா நரம்பு செத்துப்போகும், கண்ணும் போயிரும்னு சொல்றாகளே தம்பி" என்றார்.

ஆச்சியைப் போலப் பயந்து நிற்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: மரத்துப்போற ஊசி நரம்பைச் சாகடித்துவிடும்.

உண்மை: நரம்பு உயிரோடுதான் இருக்கும். சில மணி நேரம் சேதி கொண்டுபோகாது, அவ்வளவுதான். வலி என்பது நரம்பு வழியே ஓடும் மின்சேதி. நரம்பிழையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. ஒரு வாசல் திறந்ததும் வெளியே இருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல் அடுத்த வாசலைத் திறக்கும். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டுவரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்குமே, அப்படி வாசல் வாசலாகத் தாண்டிச் சேதி மூளைக்குப் போகிறது. ஊசியிலுள்ள லிக்னோகெயின் மருந்து நரம்பிழைக்குள் புகுந்து, அந்த வாசல்களுக்கு உட்பக்கமாகத் தாழ்ப்பாள் போடுகிறது. பிறகு ரத்தம் மருந்தை அடித்துக்கொண்டு போக, கல்லீரல் அதைச் சிதைக்க, தாழ்ப்பாள் தானாக விலகிவிடும். மிக அபூர்வமாக ஊசிமுனை நரம்பில் பட்டு மரப்பு நீடிப்பதுண்டு. மறுநாளும் தெளியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதுவும் பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும்.

இந்த மருந்தை 1943-ல் ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார். அவருடன் வேலை செய்த பெங்க்ட் லுண்ட்குவிஸ்ட் தன் உடம்பிலேயே போட்டுச் சோதித்தார். 1948-ல் விற்பனைக்கு வந்தது. அயனியும் மின்சாரமும் சேர்ந்து செய்யும் வேலையை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டியதும் அதே ஆண்டுதான். அந்த மின்வேதியியல்தான் நம் ஒவ்வொரு நரம்பிலும் நடந்துகொண்டிருக்கிறது.

நம்பிக்கை: மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும்.

உண்மை: பல்லின் வலியைக் கொண்டுபோவது ஐந்தாவது மண்டை நரம்பு. மேல்வரிசைக்கு அதன் இரண்டாவது கிளை, கீழ்வரிசைக்கு மூன்றாவது கிளை. பார்வையைக் கொண்டுபோவது இரண்டாவது மண்டை நரம்பு. அதன் பாதையே வேறு. பல் ஆடுகிற வயதும் கண்ணில் புரை விழுகிற வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், பார்வை மங்கிய பழி பல் எடுத்ததன்மேல் விழுந்துவிட்டது.

நம்பிக்கை: பல்லை அசைப்பது தெரிகிறதே, அப்படியானால் ஊசி பிடிக்கவில்லை.

உண்மை: வலியைச் சொல்லும் இழைகள் மெல்லியவை, முதலில் அடங்கிவிடும். அழுத்தத்தைச் சொல்லும் இழைகள் தடித்தவை, அவ்வளவு சுலபமாக அடங்காது. அதனால் அழுத்துவதும் ஆட்டுவதும் தெரியும். குத்தும் வலி மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: சர்க்கரை, பிரஷர் இருந்தால் இந்த ஊசியே கூடாது.

உண்மை: கட்டுக்குள் இருந்தால் போடலாம். மருந்தோடு 80,000-ல் ஒரு பங்கு அட்ரினலின் சேர்ப்பது வழக்கம். அது ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்தைப் போட்ட இடத்திலேயே நிறுத்திவைக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைத்துக்கொள்வார். எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஊசி போட்டதும் மயங்கி விழுபவர்களில் பலரைச் சாய்ப்பது பசியும் பயமும்தான்.

நம்பிக்கை: வீங்கியிருக்கும்போது ஊசி ஏறாது.

உண்மை: இதில் உண்மை இருக்கிறது. மருந்து நரம்பிழைக்குள் புக வேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் மின்னேற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். சீழ் பிடித்த இடம் அமிலமாகிவிடும். அங்கே பெரும்பாலான மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்று வெளியிலேயே நின்றுவிடுகின்றன. ஊசிக்குப் பயந்து நாளைத் தள்ளத் தள்ள, ஊசி வேலை செய்யாத நிலைக்குப் பல்லை நாமே கொண்டுபோகிறோம். பிறகு, "ஊசி போட்டும் வலிச்சது" என்று பத்துப் பேரிடம் சொல்கிறோம். அதைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் தள்ளிப்போடுகிறார்கள். சொத்தை கூசுகிற கட்டத்திலேயே போய்விட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். புதுக்கோட்டையில் 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஆச்சியைக் காரைக்குடிக்குக் கூட்டிப்போனோம். வீக்கத்தை விட்டு விலகி, தாடையின் உட்புறம் பின்னால், நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்தில் மருத்துவர் ஊசி போட்டார். இரண்டாவது ஊசியும் தேவைப்பட்டது. பாதி உதடும் பாதி நாக்கும் மரத்துப்போக, ஆச்சி உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பல் வந்தது தெரிந்தது, வலி தெரியவில்லை. மரப்பு தெளியும்வரை சூடாக எதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் போய்ப் பார்த்தேன். ஆச்சி உதட்டை லேசாகக் கிள்ளிக் காட்டினார்.

"வந்திருச்சு தம்பி. காப்பி குடிக்கலாமா?"