பழைய பிக்கப்பைத் தாழ்த்தும் முன்

திருச்சுழிப் பக்கம் கரிமூட்டை சுமந்த பழைய பிக்கப்பை அழகுக்காகத் தாழ்த்த நினைப்பவர்கள், ஸ்பிரிங் பட்டையை கேஸ் வைத்துச் சூடாக்கி வளைக்க விடவே கூடாது. எஃகின் பதம் போய்விடும். பாரம் ஏறினால் பட்டை முறியலாம்.

முதலில் குனிந்து ஆக்ஸிலைப் பார்க்க வேண்டும். அது பட்டைக்கு மேலே இருந்தால், இடையில் கட்டை வைக்க வண்டி தாழும். கீழே இருந்தால் அதே கட்டை வண்டியை உயர்த்திவிடும்! கட்டைக்கு ஏற்ற நீளத்தில் புது யூ போல்ட் வாங்கி, கொஞ்ச தூரம் ஓட்டியதும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பரும் குட்டையாக வேண்டும்.

மழைக்குப் பின் காய்ந்து இறுகிய கரிசல் தடத்தில் அடி தட்டும் என்பதால் அதிகம் இறக்க வேண்டாம்.

தயாரிப்பாளரின் அசல் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.