தன் பிழை தான் காண்டல்

சிறுவர் எழுதியதைத் திருத்துதல் ஆசிரியர் கடன் என்பது நம் நாட்டுப் பள்ளிகளில் வேரூன்றிய கொள்கை. ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். மாணாக்கன் சுழித்த சொல்லைப் பத்து முறை எழுதிக் காட்டுவான். அவ்வளவில் இருவர் கடனும் தீர்ந்தது. யானும் அம்முறையில் வளர்ந்தவனே. ஆதலின், எம் கல்லூரி மாணவர் மாலை வேளையில் நடத்தும் சிறுவர் பள்ளியில் நான்காம் வகுப்பை ஏற்றபோது அதனையே கையாண்டேன். ஒரு திங்கள் கழிந்தபின் ஒரு சிறுவனது கட்டுரை ஏட்டைப் புரட்டுகையில் திடுக்கிட்டேன். முதல் வாரத்தில் தன் வீட்டு ஆட்டைப் பற்றி ஒரு பக்கம் நிரம்ப எழுதியவன் நான்காம் வாரத்தில் எழுதியவை மூன்றே வாக்கியங்கள்: "இது ஆடு. ஆடு இலை தின்னும். ஆடு பால் தரும்." பிழை ஒன்றும் இல்லை, அவன் வீட்டு ஆடும் அதில் இல்லை. ஐயமின்றி அறிந்த சொல்லையன்றிப் பிறிதொன்றை எழுத அவன் அஞ்சிவிட்டான். அவ்வச்சத்தை விளைத்தது என் சிவப்பு மையே.

அதன்பின் மையை ஒழித்து, பிழையுள்ள வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைக்கலானேன். இவ்வரியில் பிழை உண்டு என்பதே அதன் பொருள். எங்கே என்று காண்பது எழுதியவன் பொறுப்பு. ஆயின், தேடு என்று ஏவினால் மட்டும் போதாது. தேடும் வழியையும் காட்டல் வேண்டும். தான் எழுதியதைத் தானே படிக்கும் சிறுவன் ஏட்டில் உள்ளதைப் படிப்பதில்லை. தன் நெஞ்சில் உள்ளதையே படிக்கிறான். "மாலையில் படம் விட்டேன்" என எழுதிவிட்டு, "பட்டம் விட்டேன்" என்றே தயங்காது வாசிப்பான். அவ்வேட்டை அடுத்திருப்பவன் கையிற் கொடுத்து, எழுதியவாறே உரக்க வாசிக்கச் சொன்னால், "படம்" என்று கேட்ட மாத்திரத்தில் எழுதியவனே நகைத்து, விடுபட்ட ஒற்றை இட ஓடிவருவான். ஒற்று விடுதல், கால் விடுதல், குறிலும் நெடிலும் மயங்கல் ஆகிய இவையெல்லாம் செவிக்கு அகப்படும் பிழைகள்.

செவிக்கு அகப்படாதனவும் உள. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் ஊரிற் பிறந்த குழந்தைக்கு வாழையும் வாளையும் ஒன்றே; ஒன்று மரம், ஒன்று மீன் என்பதை ஒலி காட்டாது. கரி, கறி என்பனவும் பல ஊர்களில் அத்தகையனவே. இவற்றை எத்தனை முறை உரக்க வாசித்தும் பயன் என்னை? இங்குக் கண்ணும் நினைவுமே துணை. இனச்சொற்களைச் சேர்த்து நினைத்தல் நன்கு உதவிற்று: "எழுது" என்பதன் ழகரத்தை அறிந்தவன் "எழுத்து" என்பதில் தடுமாறான், "அறி" என்பதை அறிந்தவன் "அறிவு", "அறிஞர்" என்பவற்றில் ஐயுறான். வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னிருந்து முன்னாக ஒவ்வொன்றாய்ப் பார்த்தலும் நன்று. பொருள் இழுத்துச் செல்லாமையால் எழுத்துக் கண்ணிற் படும். அவரவர் அடிக்கடி பிழைக்கும் சொற்களை ஏட்டின் கடைப்பக்கத்தில் அவரவரே குறித்துக்கொள்ளச் செய்தேன். ஒருவன் பட்டியல் மற்றவனுக்கு உதவாது.

எல்லாப் பிழையும் ஒரே நாளில் தேடச் சொல்லுதல் கூடாது. ஒரு நாள் ஒற்று. மறுநாள் ரகர றகரம். வல்லெழுத்து மிகும் இடங்களையோ இவ்வகுப்பிற் கேளாதிருத்தலே அறம். ஹானர்ஸ் வகுப்பிலேயே அவை எம்மைப் படுத்தும் பாட்டை எம் ஆசிரியர் அறிவர்.

இனி, எழுத்துப்பிழை நீங்கிய அளவில் கட்டுரை சீர்ப்பட்டதாகாது. "அவன் அவனை அடித்தான், அவன் அழுதான்." இதில் எழுத்துப்பிழை யாது? ஆயினும் கேட்டிருந்த தோழன், "யார் அழுதது?" என வினவுகிறான். அவ்வினாவுக்கு விடையாக ஒரு பெயரை எழுதுங்கால், சிறுவன் முதன்முறையாகப் படிப்பவனை நினைத்து எழுதுகிறான். "வந்துச்சு", "போச்சு" என வீட்டு வழக்கை எழுதுவார்க்கு முதற்படியில் யான் புள்ளி வைப்பதில்லை. இரண்டாம் படியில் "வந்தது" என மாற்றிக்கொள்ளலாம். இதில் என்னோடு மாறுபடுவோர் உளர். வீட்டு மொழியைத் தொடக்கத்திலேயே தடுத்தால் ஆடு மீண்டும் ஏட்டைவிட்டு ஓடிவிடும் என்பதே யான் அவர்க்குக் கூறும் விடை.

திருத்துதல் தண்டனையன்று என்பதைச் சிறுவர்க்கு விளக்க, தமிழ் வேதாகமத்தின் வரலாற்றைச் சொன்னேன். சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இல் அச்சேறி முடிந்தது. அந்நூற்றாண்டிலேயே பப்ரிசியுஸ் ஐயர் அதனை மீண்டும் பெயர்த்தார். பின்னர்ப் பவர் ஐயர் தலைமையில் ஒரு குழுவினர் கூடித் திருத்திய வேதாகமம் 1871-இல் வெளிவந்தது. "பெரியவங்களும் அழிச்சு எழுதுவாங்களா?" என்று ஒரு சிறுமி வியந்து கேட்டாள்.

ஆட்டைப் பற்றி எழுதிய சிறுவன் சில வாரங்களில் மீண்டும் ஒரு பக்கம் நிரப்பினான். ஒன்பது புள்ளிகள் வைத்தேன். ஆறு பிழைகளைத் தானே கண்டான். ஆடு கிணற்றில் விழுந்ததும், அவன் தந்தையார் கயிறு கட்டி இறங்கியதும் அதில் இருந்தன. மறுவாரம் யான் கரும்பலகையில் கணக்கொன்றை விரைந்து எழுதுகையில் "சில்லரை" என்று எழுதிவிட்டேன். அச்சொல் அவனது கடைப்பக்கப் பட்டியலில் இருந்தது. அவன் எழுந்து நின்று, "அண்ணா, ரெண்டாவது வரியில ஒரு புள்ளி வைக்கணும்" என்றான்.