திருவொற்றியூரிலிருந்து ஹாம்பர்க் வரை: தனியாக, சிக்கனமாக ஒரு முதல் ஐரோப்பியப் பயணம்

எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் ஏறும் கன்டெய்னர்கள் ஐரோப்பா போய்ச் சேர்கின்றன. அவற்றை ஏற்றுகிறவர்களும், அவற்றுக்குள் போகும் சரக்கைச் செய்கிறவர்களும் அந்த ஊர்களைப் பார்த்ததில்லை. "அதெல்லாம் நமக்கு எங்க?" என்ற பேச்சை ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நிறையக் கேட்கலாம். முடியும் என்பதே என் எண்ணம். பதினான்கு நாள், இரண்டு நாடு, விமானச் சீட்டும் விசாவும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் ரூபாய். ஒன்றரை வருடம், மாதம் ஒன்பதாயிரம் சொச்சம் எடுத்து வைத்தால் கைக்கு வந்துவிடும். சுற்றுலா நிறுவனத்தின் 'பத்து நாளில் ஏழு நாடு' விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, நம் கடற்கரைக்கு உறவான ஊர்களை மட்டும் பார்த்து வருவதற்கான வழி இது.

முதலில் கணக்கு, அதுவும் வங்கிக் கணக்கு

விசா அதிகாரி இரண்டு கேள்விக்கு விடை தேடுகிறார்: இவரிடம் செலவுக்குப் பணம் இருக்கிறதா, போனவர் திரும்பி வருவாரா? இரண்டுக்கும் விடை உங்கள் வங்கிக் கணக்கில் கிடக்கிறது. வடசென்னையில் பலரும் சேமிப்பது ஏலச்சீட்டில். சீட்டுப் பணம் மொத்தமாக ஒரு நாள் வந்து விழுந்து, அடுத்த மாதமே விசாவுக்கு விண்ணப்பித்தால், கடன் வாங்கிக் காட்டிய பணம் என்ற சந்தேகம் வரும். ஆகவே வங்கியிலேயே ஆர்.டி. போடுங்கள். மாதாமாதம் ஏறும் சேமிப்பு தானே பேசும். சீட்டை விட முடியாது என்றால், விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே சீட்டை எடுத்துக் கணக்கில் போட்டு, அதற்கான ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

மணலி, எண்ணூர் ஆலைகளில் கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்கள், கூலி கையில் வருகிறது என்றால் அதை வங்கி வழியாகப் பெற இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், விடுமுறை அனுமதிக் கடிதம் இம்மூன்றும் இருந்தால் வேலை உறுதியாகத் தெரியும். சொந்தத் தொழில் என்றால் உத்யம் பதிவு அல்லது ஜி.எஸ்.டி. சான்று. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து பழகுங்கள். வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாவிட்டாலும் அந்தத் தாள் உதவும்.

காசிமேட்டு விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த ஓய்வில் போய் வரலாம். "தடைக்காலம் முடிந்ததும் என் படகு கடலுக்குப் போயாக வேண்டும்" என்பதைவிட நல்ல திரும்பி வரும் காரணம் எதுவுமில்லை. படகுப் பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை, சங்க உறுப்பினர் சான்று, மீன் விற்ற பணம் வரவான கணக்கு எல்லாவற்றையும் இணையுங்கள்.

பாஸ்போர்ட்

சாதாரண முறையில் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் சேவா கேந்திரங்கள் உள்ளன. வீடு மாறிய வாடகைக்காரர்கள் முதலில் ஆதாரில் முகவரியை மாற்றுங்கள், போலீஸ் விசாரணை பழைய வீட்டுக்குப் போய்விடக் கூடாது. பாஸ்போர்ட்டில் இன்ஷியல் எடுபடாது. அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டால், விமானச் சீட்டிலும் விசாவிலும் பெயர் ஒன்றுபோல் வரும். ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது: பத்து வருடத்துக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது வெற்றாக இருக்க வேண்டும்.

எங்கே போவது?

ஷெங்கன் விசா ஒன்றில் 29 ஐரோப்பிய நாடுகளுக்குள் போகலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் சேராது. பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று ஆசை ஓடும். அங்கே தங்கும் செலவே பையைக் காலி செய்துவிடும், முதல் பயணத்துக்கு அவை வேண்டாம். நான் பரிந்துரைப்பது ஜெர்மனியின் ரூர் பகுதியில் நான்கு இரவு, ஹாம்பர்க்கில் ஐந்து, போலந்தின் க்டான்ஸ்க் துறைமுகத்தில் மூன்று, கடைசியாக வார்சாவில் ஒன்று.

ரூர் நம் எண்ணூர், மணலி போல நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்து, புகையால் கறுத்த வட்டாரம். டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடிய இரும்பு ஆலையை இடிக்காமல் பூங்காவாக்கியிருக்கிறார்கள். நுழைவு இலவசம், இரவும் பகலும் திறந்திருக்கும், பழைய ஊதுலையின் உச்சிவரை படியேறிப் பார்க்கலாம். நகர மையத்திலிருந்து 903ஆம் எண் டிராம் அங்கே போகும். ஆலையின் பழைய அலுவலகக் கட்டடத்திலேயே இளைஞர் விடுதி இருக்கிறது. எஸ்ஸனில் 1986இல் மூடிய சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 2001 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். இவற்றுக்கு நடுவே ஓடும் எம்ஷர் ஆறு நூறு வருடத்துக்கு மேல் திறந்த சாக்கடையாகக் கிடந்தது. 1992இல் தொடங்கி, கழிவு நீரைப் பூமிக்கடியில் குழாயில் திருப்பி, 2021 முடிவில் ஆற்றைக் கழிவிலிருந்து விடுவித்தார்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடிய பிறகும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் சாம்பலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, அந்தக் கரையில் நடப்பது வெறும் சுற்றுலா ஆகாது. முகத்துவாரம் இனி மீளாது என்று சொல்கிறவர்களுக்குப் பதில் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

அதே வட்டாரத்தின் ஓரத்தில் ஹாம் என்ற ஊர். ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் அங்கே 2002இல் குடமுழுக்குக் கண்டது. பதினேழு மீட்டர் கோபுரம், மே அல்லது ஜூனில் தேர்த் திருவிழா. தனியாகப் போன நான்காம் நாள் வீட்டு ஞாபகம் வாட்டும். அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள் ஹாமை.

ஹாம்பர்க்கில் ஞாயிறு விடியலில் மீன் சந்தை. 1703 முதல் நடக்கிறது, கோடையில் ஐந்து மணிக்கே கூடிவிடும். காசிமேட்டு ஏலக் குரலோடு வளர்ந்தவர்களுக்கு அங்கே மொழி தேவைப்படாது. ஆகவே ஹாம்பர்க்கில் ஒரு ஞாயிறு விழும்படி நாளைப் போடுங்கள். துறைமுகத்தைச் சுற்றிக்காட்டும் படகுக்கு இருபது யூரோவுக்கு மேல் கேட்பார்கள். லாண்டுங்ஸ்ப்ருக்கன் துறையிலிருந்து கிளம்பும் 62ஆம் எண் படகு ஊர்ப் பேருந்தைப் போல, ஊர்ப் போக்குவரத்துச் சீட்டிலேயே அடக்கம். அதே கப்பல்கள், அதே கிரேன்கள். 1911இல் ஆற்றுக்கடியில் வெட்டிய சுரங்கப் பாதையில் நடப்பதற்குக் காசில்லை.

க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் 1980 ஆகஸ்டில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, சாலிடாரிட்டி என்ற சங்கத்தைப் பிறப்பித்தார்கள். அந்தத் தளத்தின் வாயிலுக்கு அருகே 2014இல் திறந்த அருங்காட்சியகம் அந்தக் கதையைச் சொல்கிறது. 1918இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான மண்ணிலிருந்து போகிறவர்கள் அதற்கு அரை நாளாவது கொடுக்க வேண்டும்.

விசா

அதிக இரவுகள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் அது ஜெர்மனி. விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் நேரில் கொடுத்து, கைரேகையும் வைக்க வேண்டும். புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், பதினைந்து நாளுக்குள் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். மே மாதப் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே நேரம் வாங்கிவிடுங்கள், கோடைக்கு முன் கூட்டம் நெரியும். கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. முடிவு பதினைந்து நாளில் வரலாம், சிலருக்கு நாற்பத்தைந்து நாள் வரை இழுக்கும்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுதுக்கும் எடுக்க வேண்டும். இங்கேயே ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். விடுதிகளைக் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். விமானத்துக்கு இட ஒதுக்கீட்டுத் தாள் போதும், விசா வருமுன் பணம் திரும்பாத சீட்டு வாங்க வேண்டாம். "எல்லாத்தையும் நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்" என்று போலி வங்கித் தாளும் போலி விடுதிப் பதிவும் செய்து தரும் ஏஜென்ட்டுகள் பக்கம் போகவே கூடாது. பிடிபட்டால் அடுத்த விண்ணப்பங்களையும் அது தொடரும்.

விண்ணப்பக் கோப்பில் உயிரானது ஒரு பக்கக் கடிதம். நான் யார், என்ன வேலை, ஏன் இந்த ஊர்கள், எந்த இரவு எங்கே, யார் செலவு, ஏன் திரும்புவேன் என்று எளிய ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்கள். மேலே சொன்ன காரணங்களை உங்கள் வாழ்க்கையோடு சேர்த்து எழுதினால் அது ஏஜென்ட் எழுதிய கடிதம்போல் இருக்காது. இதில் இவ்வளவு கவனம் ஏன் என்றால், ஜெர்மனி விசாவை மறுத்தால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழியை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் போக வேண்டும். கட்டிய பணம் திரும்பாது.

சீட்டும் செலவும்

டூசல்டார்ஃபில் இறங்கி வார்சாவிலிருந்து திரும்பும்படி ஒரே சீட்டாக எடுத்தால், வந்த வழியே திரும்பிப் போகும் ரயில் செலவு மிச்சம். வளைகுடா வழியாகப் போகும் எமிரேட்ஸ், கத்தார் நிறுவனங்கள் இரண்டு ஊருக்கும் பறக்கின்றன. இரண்டு மூன்று மாதம் முன்பு பார்த்தால் அறுபதாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். பள்ளி விடுமுறை வாரங்களில் ஏறும்.

ஜெர்மனிக்குள் டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்குங்கள். 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ, நாடு முழுதும் ஊர்ப் பேருந்து, டிராம், மெட்ரோ, சாதாரண ரயில் எல்லாவற்றிலும் ஒரு மாதம் செல்லும். அதிவேக ரயிலில் செல்லாது. எஸ்ஸனிலிருந்து ஹாம்பர்க்குக்கு மாறி மாறி ஏறி ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டாம். இதில் ஒரு சிக்கல் உண்டு: இது மாதச் சந்தா. நாள்காட்டி மாதத்துக்குத்தான் கணக்கு, பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போகும். மாதத்தின் முதல் வாரத்தில் இறங்கும்படி திட்டமிட்டு, வாங்கிய கையோடு ரத்தும் செய்துவிடுங்கள். ஹாம்பர்க்கிலிருந்து க்டான்ஸ்க்குக்குப் பெர்லின் வழியாக ரயில். முன்கூட்டி எடுத்தால் ஐம்பது யூரோவுக்குள் முடிக்கலாம்.

பலர் சேர்ந்து தங்கும் விடுதியில் படுக்கை ஜெர்மனியில் முப்பது முப்பத்தைந்து யூரோ, போலந்தில் அதில் பாதி. பெண்களுக்குத் தனி அறை உள்ள விடுதிகள் ஏராளம். சாப்பாட்டுக்கு நாளைக்குப் பதினெட்டு யூரோ வையுங்கள்: காலையும் இரவும் ஆல்டி, லீடில் கடைகளில் வாங்கி விடுதிச் சமையலறையில் செய்வது, மதியம் வெளியே. போலந்தில் 'பார் ம்லெச்னி' என்ற மலிவு உணவகங்களில் சூப்பும் கொழுக்கட்டை போன்ற பியெரோகியும் வயிறு நிறையக் கிடைக்கும். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் அடைப்பு, சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் வரை திரும்பும்.

வழிச் செலவு எல்லாம் கூட்டினால் 830 யூரோ வரும். ஏறக்குறைய எண்பத்தேழாயிரம் ரூபாய்.

கட்டிக்கொண்டு போவது

இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு போகக் கூடாது. பால்கோவா, நெய் இனிப்பு வேண்டாம். கறிவேப்பிலைக் கொத்தும் கூடாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் தடையில்லை. மீனுக்கு இருபது கிலோ வரை அனுமதி உண்டு, கருவாட்டுக்கும் சேர்த்துத்தான். பொதுச் சமையலறையில் வறுப்பது மட்டும் மற்றவர்களுக்குச் சங்கடம். மேயிலும் செப்டம்பரிலும் குளிர் பத்து டிகிரிக்குக் கீழும் இறங்கலாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் முழுக்கை பனியனும் சாக்ஸும் வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக அணிந்தால், மேலே ஒரு மழைக்கோட்டு போதும்.

யூபிஐயை நம்பிப் போக வேண்டாம். ஒரு ஃபாரெக்ஸ் கார்டு, ஒரு வங்கி கார்டு, கையில் 150 யூரோ. மூன்றும் மூன்று இடத்தில் இருக்கட்டும். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவையுங்கள். ஓடிபி வருவதற்கு நம் சிம்மில் ரோமிங் வேண்டும். அவசர எண் எல்லா நாட்டிலும் 112. ஹாம்பர்க்கில் இந்தியத் துணைத் தூதரகம், வார்சாவில் தூதரகம் உண்டு. முகவரியைத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதுவரை தனியாக எங்கும் தங்காதவர்கள், மூன்று மாதம் முன்பு விசாகப்பட்டினத்துக்கு இரவு ரயிலேறி மூன்று நாள் தனியாக இருந்து பார்த்துவிட வேண்டும். பயம் எங்கே வருகிறது, காசு எங்கே கரைகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கிளம்பும் இரவு

விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை நீல வழித்தட மெட்ரோ நேராகப் போகிறது. திருவொற்றியூர்க்காரர்கள் தேரடியில் ஏறலாம், எண்ணூர்க்காரர்கள் மின்சார ரயிலில் விம்கோ நகர் வந்து மாறலாம், ராயபுரத்துக்கு வண்ணாரப்பேட்டை பக்கம். வளைகுடா விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் கிளம்புகின்றன. இரவு ஒன்பது மணி வண்டியைப் பிடித்துவிட்டால் டாக்சிக்கு ஆயிரம் ரூபாய் தர வேண்டாம். காப்பீடு, திரும்பும் சீட்டு, விடுதிப் பதிவுகள் அச்சடித்த தாளாகக் கைப்பையில் இருக்கட்டும். இங்கே குடியேற்ற அதிகாரியும் அங்கே எல்லை அதிகாரியும் கேட்பார்கள். 2025 அக்டோபர் முதல் ஐரோப்பிய எல்லையில் வருகையைக் கணினியில் பதிகிறார்கள், முகப்படமும் எடுப்பார்கள். வரிசை நீண்டால் பதற வேண்டாம். "எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள்?" என்றால் தாளைக் காட்டி இரண்டு வரியில் பதில் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் போர்டிங் பாஸ், விடுதி ரசீது எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக வந்த விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு, அடுத்து இரண்டு ஆண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா கிடைக்க வாய்ப்புண்டு. இரண்டாவது பயணத்துக்கு ராட்டர்டாமையும் ஆண்ட்வெர்ப்பையும் வைத்துக்கொள்ளலாம்.