உயிர்ப்பொருள் என்பது யாது? பட்டுப்புழுவைக்கொண்டு ஒரு விளக்கம்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவின் பெருமை யாவரும் அறிந்ததே. அந்நெசவிற்கு மூலமான நூலைத் தரும் புழுவையோ, அதனை வளர்க்கும் குடியானவர்களுட் பலரும் இலையை நூலாக்கும் ஓர் இயந்திரமென்றே எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் பிழையானது மட்டுமன்று, நஷ்டத்திற்கும் இடந்தருவது.

தறி ஓர் இயந்திரம். அதன் விழுதையும் நாடாவையும் பிறர் செய்து பூட்டுகின்றனர். ஓர் உறுப்பு தேய்ந்தால் தறி தானே அதனைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. புழுவின் சங்கதி வேறு. முட்டையினின்று வெளிவரும்போது எறும்பளவே உள்ள அது, ஏறக்குறைய 25 நாட்களில் எடையில் 10,000 மடங்கு பெருகுகிறது. நான்கு முறை தோலுரிக்கிறது. நாம் இடும் மல்பெரி இலையே அதற்குத் தோலும் குடலும் நூற்சுரப்பியும் ஆகின்றது. தன் உறுப்புக்களைத் தானே ஆக்கி, அவ்வுறுப்புக்களாலேயே தான் நிலைபெறுவது எதுவோ அதுவே உயிர்ப்பொருள். ஜெர்மானியத் தத்துவ ஞானி காண்ட், 1790இல் வெளியிட்ட நூலில், கடிகாரத்தை உதாரணமாகக் காட்டி இவ்வேற்றுமையை விளக்கினார்.

கூட்டினுள் நிகழ்வது இன்னும் வியப்பானது. சுமார் 1,000 மீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் இரண்டு மூன்று நாட்களில் கூடு கட்டி முடித்தபின், நூற்சுரப்பி சிதைந்து கரைந்துபோகிறது. தசைகள் பலவும் அவ்வாறே. அப்பொருளைக்கொண்டே சிறகும் முட்டையும் உண்டாகின்றன. பழைய உறுப்புக்கள் போயின, உயிர் போகவில்லை. நெசவாளர் கைக்கு வரும் நூலோ ஒருபோதும் உயிருடைத்தாயிருந்ததன்று. சுரந்து உறைந்த பொருளே. (நூலுக்காகக் கூட்டுப்புழுவைக் கொல்ல நேர்கிறதே என்று வருந்துவோர்க்கு இங்கே விடை கூற முற்படவில்லை.)

இயந்திரத்தின் பழுது அதனோடு நின்றுவிடும். உயிர்ப்பொருளின் பழுது சந்ததிக்கும் செல்லக்கூடும். பெப்ரின் என்னும் நோயை விளைக்கும் நுண்ணுயிரும் ஓர் உயிர்ப்பொருளே. அது புழுவின் உடலையே ஆகாரமாக்கிப் பெருகி, தாய் அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. முட்டையை வெறுங்கண்ணால் நோக்கிப் பயனில்லை. 1865 முதல் பிரான்சு தேசத்தில் இந்நோயை ஆராய்ந்த லூயி பாஸ்டர் வகுத்த உபாயமே இன்றும் கையாளப்படுகிறது: முட்டையிட்ட தாயை நசுக்கி நுண்ணோக்கியில் பரிசோதித்து, நோய்வித்து காணப்படின் அதன் முட்டைகளை அழித்துவிடுவது.

ஆகவே, சொந்தக் கூட்டிலிருந்து பூச்சி விட்டு முட்டை சேர்த்துக்கொள்ளுவோர் அவ்வழக்கத்தை விடுத்து, தாய்ப்பூச்சி பரிசோதிக்கப்பெற்ற முட்டைத்தொகுதிகளையே வாங்குவாராக. நோயுற்ற புழுவின் எச்சம் பட்ட இலையாலும் இந்நோய் பரவும். ஒரு வீட்டில் புழுக்கள் ஏறுமாறாக வளர்வதும், மிளகுப்பொடி தூவினாற்போல உடலிற் புள்ளிகள் தோன்றுவதும் தெரியவரின், கிராம அதிகாரிகள் அதனைச் சுற்றுப்புறத்தில் புழு வளர்ப்போர் அனைவர்க்கும் அன்றே அறிவித்தல் வேண்டும்.