சிறுகுதிரைக்கு ஏற்ற தீனி: வைக்கோலும் தவிடும் போதுமா?

திருகோணமலை மாவட்டக் கமக்காரருக்கு மாட்டுத் தீனியைப் பற்றி எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. பெரும்போக அறுவடை முடிந்ததும் தம்பலகாமம், கந்தளாய், மூதூர்க் களங்களில் வைக்கோல் குவிகின்றது. நெல் ஆலையில் தவிடு கிடைக்கின்றது. வேலியோரத்தில் கிளிசரிடியா தழைத்து நிற்கின்றது. ஆனால் சிறுகுதிரையொன்றை வளர்க்க எண்ணுபவர் இவற்றையே அப்படியே அதன் முன் இடுவாராயின், சில மாதங்களில் அவ்விலங்கை நோயாளியாகக் காண நேரும். குதிரைக்கெனத் தயாரித்த தீனி நமது ஊர்க் கடைகளில் எளிதிற் கிடைப்பதில்லையாதலால், உள்ளூர்ப் பொருள்களில் எவை தகும், எவை தகா என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

மாட்டின் இரைப்பை நான்கு அறைகளையுடையது. தீனி குடலைச் சேருமுன்பே நுண்ணுயிர்கள் அதனைப் பதப்படுத்தி, சில நச்சுப் பொருள்களையும் சிதைத்துவிடுகின்றன. குதிரையின் இரைப்பையோ சிறியது, ஓரறையே உடையது. நுண்ணுயிர்களின் வேலை அதற்குப் பின்னர் பெருங்குடலிலேயே நடைபெறுகின்றது. ஆகவே மாட்டுக்குத் தீங்கு செய்யாத பொருள் குதிரைக்குத் தீங்காகலாம்.

இதற்கு நல்ல உதாரணம் நாம் விரும்பி வளர்க்கும் கினிப்புல்லேயாகும். கினிப்புல், நேப்பியர் முதலிய வெப்பவலயப் புற்களில் ஒட்சலேற்று என்னும் பொருள் உண்டு. அது குதிரையின் குடலிற் கல்சியத்தைப் பிணித்து, உடலிற் சேரவொட்டாது தடுக்கின்றது. இதனோடு தவிட்டையும் கொடுத்தால் குறை இருமடங்காகும். ஏனெனில் அரிசித் தவிட்டிற் பொசுபரசு மிக அதிகம். கல்சியம் மிகச் சொற்பம். குதிரை தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுத்துச் செலவிடத் தொடங்கும். முதலில் நடையில் நொண்டுதல் காணப்படும். நாளடைவில் முக எலும்புகள் வீங்கித் தலை பருத்துத் தோன்றும். அந்நிலையை அடைந்த பின் முற்றாகக் குணப்படுத்துவது அரிது.

இதற்கு மாற்று நமது வயல் வரம்பிலேயே இருக்கின்றது. அறுகம்புல்லில் ஒட்சலேற்று குறைவு. சிறுகுதிரைக்கு அதுவே முதன்மைத் தீனியாக அமையலாம். களைநாசினி தெளித்த வரம்பிற் புல் அறுத்தல் ஆகாது. அடுத்துச் சிறந்தது கச்சான் கொடியாகும். (காற்றுக்கும் கடலைக்கும் நம்மவர் ஒரே பெயரை வழங்குவது ஒரு வகையிற் பொருத்தமே, கச்சான் காற்று வீசும் வரண்ட மாதங்களிற் புல் கருகும்போது கைகொடுப்பது இக்கொடிதான்.) கடலை பிடுங்கிய பின் கொடியை மண்போக உதறி, நன்கு உலர்த்தி, மழை படாத இடத்திற் பரண்மேல் வைத்தல் வேண்டும். கௌபி, பயற்றங் கொடிகளும் இவ்வாறே பயன்படும். இவற்றிற் கல்சியம் நிறைந்துள்ளது. பூஞ்சணம் பிடித்த கொடியைச் சிறிதளவேனும் கொடாதீர்.

வைக்கோலை முற்றாக விலக்கத் தேவையில்லை. எனினும் அதிற் சத்துக் குறைவு. அதனை மட்டுமே உண்ணும் குதிரைக்குக் குடலடைப்பும் வயிற்றுவலியும் உண்டாகக்கூடும். புல்லோடு சிறு பங்காகச் சேர்த்துக்கொள்க.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். மார்புச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் அளந்து, அதனை அதே தொகையாற் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆற் பிரித்தால் எடை ஏறத்தாழக் கிலோகிராமிற் கிடைக்கும். 105 சென்ரிமீற்றர் சுற்றும் 100 சென்ரிமீற்றர் நீளமும் உடைய குதிரை 93 கிலோகிராம் அளவாகும். 100 கிலோகிராம் எடைக்கு நாளொன்றுக்கு உலர் தீனி 1.5 முதல் 2 கிலோகிராம் போதும். பச்சைப் புல்லாயின் 7 முதல் 10 கிலோகிராம். தவிடு கொடுப்பதாயின் 300 கிராமுக்கு மேற்படாது, உமியின்றிச் சலித்து, புதிதாகக் கொடுத்து, அதனோடு தீனிக்குரிய சுண்ணக்கல் தூள் 20 கிராம் கலத்தல் வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு உதவாது, வாயைப் புண்ணாக்கும். உப்பு 10 கிராமும், எந்நேரமும் தூய நீரும் அவசியம்.

அன்பின் மிகுதியாற் கூடுதலாக ஊட்டுவோரே அதிகம். சிறுகுதிரை இனங்கள் வறண்ட மேய்ச்சலுக்குப் பழகியவை. நமது நெடுந்தீவிற் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலம் முதல் தங்கிவிட்ட மட்டக்குதிரைகள் சொற்பப் புல்லிலேயே தலைமுறைகளாக வாழ்ந்து வந்துள்ளன. கடும் வறட்சியில் நீரின்றி மடிந்தும் உள்ளன. (அவை காட்டுநிலையில் வாழ்பவை; அவற்றைப் பிடித்துவர எண்ணுதல் தகாது.) இத்தகைய உடல் திடீரெனத் தானியமும் புண்ணாக்கும் பெற்றால் குளம்பின் உட்புறம் அழற்சியுற்று, அடியெடுத்து வைக்கவும் இயலாதாகும். கொழுத்த குதிரையைப் பட்டினி போட்டு மெலிவிக்கவும் கூடாது; இரத்தத்திற் கொழுப்பு மிகுந்து உயிருக்கே ஆபத்தாகும். சிறிது சிறிதாகக் குறைத்தலே முறை.

இனி அறவே விலக்க வேண்டியவை. கோழித் தீனியை அதன் அருகிலும் வையாதீர். இறைச்சிக் கோழிகளின் தீனியிற் சேர்க்கப்படும் மொனென்சின் என்னும் மருந்து கோழிக்குத் தீங்கற்றது. குதிரையின் இதயத்தை அழித்துக் கொல்வது. கடையில் வாங்கும் மாட்டுத் தீனியிலும் அது கலந்துள்ளதா என விசாரித்தறிக. இபில் இபில் இலை பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்துவிடும். கிளிசரிடியாவை ஆட்டுக்கும் மாட்டுக்கும் விட்டுவிடுக. முற்றத்து அலரியிற் சில இலைகளே உயிர்போக்கப் போதுமானவை. நிலாவெளி, குச்சவெளிப் பகுதிகளில் வெங்காயத் தாள் மிஞ்சும்; அது குதிரையின் இரத்தத்தைச் சிதைக்கும். மரவள்ளி இலையும் வேண்டாம்.

எத்தீனியைப் புதிதாகத் தொடங்கினும் பத்து நாட்களுக்குக் குறையாது, பழைய தீனியோடு படிப்படியாகக் கலந்து மாற்றுக. குதிரை தன் விலாவைத் திரும்பிப் பார்த்தல், நிலத்திற் புரளுதல், சாணமிடாதிருத்தல் ஆகியவை வயிற்றுவலியின் அறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன் தீனியை நிறுத்தி, தாமதியாது மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும்.