பற்றரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்

கிளிநொச்சிப் பக்கத்துத் தச்சுவேலைத் தம்பி ஒருவர் வவுனியாவில் உள்ள எனது கடைக்கு வந்தார். "நானா, ட்ரில் நல்லாத்தான் இருக்கு. பற்றரிதான் அரை மணித்தியாலமும் நிக்குதில்லை" என்றார். புதுப் பற்றரியின் விலையைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. இன்னும் கொஞ்சம் போட்டால் புது ட்ரில்லே வாங்கலாமே என்றார். உண்மைதான். விற்ற அன்றே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் டோர்ச் பற்றரிக்கே தடை இருந்த மண் இது. யுத்தம் முடிந்து வீடுகள் எழும்பியபோது, மின்சாரம் எட்டாத கிராமங்களில் ஜெனரேட்டருக்குப் பதிலாகப் பற்றரி ட்ரில் கைகொடுத்தது. ஆனால் அதன் கணக்கு வேறு.

லித்தியம் பற்றரி பொதுவாக 300 முதல் 500 தடவை முழுமையாகச் சார்ஜ் ஏறும். பற்றரி 12,000 ரூபா, 400 தடவை உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சார்ஜுக்கு 30 ரூபா தேய்மானம். தினமும் ஒரு சார்ஜ் முடிப்பவருக்கு ஒன்றரை வருடத்துக்குள் அடுத்த பற்றரி தேவை. கூலி பேசும்போது இதை யாரும் சேர்ப்பதில்லை.

பாவிக்காமல் வைத்தாலும் பற்றரிக்கு வயது போகும். தகரக் கூரையின் கீழ் வெக்கையில் கிடந்தால் இன்னும் வேகமாகப் போகும். ஆகவே மலிவு என்று பழைய இருப்பை வாங்காமல், தயாரித்த திகதியைப் பாருங்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். நெடுநாள் வைப்பதானால் அரைவாசிச் சார்ஜில் வையுங்கள். அடியோடு இறங்கவிட்டால் பிறகு சார்ஜர் ஏற்காது.

20 வோல்ட் என்றதும் 18 வோல்ட்டை விடப் பெரிதென்று அதிக விலை கொடுப்போர் உண்டு. பெரும்பாலும் இரண்டும் ஒன்றே. உள்ளே ஐந்து செல்கள். முழுச் சார்ஜில் அளந்தால் 20, சராசரியாகச் சொன்னால் 18. பார்க்க வேண்டியது அம்பியர் மணி. 4 அம்பியர் மணிப் பற்றரி, 2 அம்பியர் மணியைப் போல் இரு மடங்கு நேரம் ஓடும்.

அடுத்து கிரைண்டர் வாங்குவதானால் அதே கம்பனியில், அதே பற்றரி பொருந்துவதாக, பற்றரியில்லாமல் வாங்குங்கள். செலவு நன்றாகக் குறையும். செல் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் ஐந்தையும் ஒரே வகையில் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதோடு புதியது கலந்தால் அந்தக் காசும் வீண்.

அந்தத் தம்பிக்கு நான் வாங்கிய விலைக்கே பற்றரியைக் கொடுத்தேன். இப்போது கூலியில் பற்றரிக்கென்று ஒரு தொகை எடுத்து வைக்கிறாராம்.