கணிப்பொறிப் பாடம்: எந்தத் தட்டு எங்கே இணைந்திருக்கிறது?

இம்மாதப் பாடம் லினக்ஸ் கணிப்பொறியில் உள்ள ஒரே ஒரு கட்டளையைப் பற்றியது. அதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை சற்று அதிகம். ஆகவே அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மேசையில் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவசக் கணினிகளில் ஒன்று. நம் பாலசமுத்திரத்திலிருந்து எல்லை தாண்டினால் பள்ளிப்பட்டு. அங்கிருக்கும் என் தங்கை மகளுக்குக் கிடைத்த கணினி, அவள் வேலைக்குப் போன பின் என்னிடம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் வழங்கிய கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? லினக்ஸை நோண்ட ஆரம்பித்தேன்.

குடும்பப் படங்களைச் சேர்த்து வைக்கத் தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, '/படங்கள்' என்ற டைரக்டரியில் அது வந்து இணையும்படி அமைத்திருந்தேன். என் அண்ணனின் பீமரத சாந்தி நடந்தபோது எடுத்த படங்களை அந்த டைரக்டரியில் நகல் எடுத்தேன். கணினி மறுப்பேதும் சொல்லவில்லை. ஆனால் அன்று வெளித்தட்டின் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் கேபிளைச் சரியாகச் செருகிக் கணினியை இயக்கினேன். டைரக்டரியைத் திறந்தால் நிறையப் படங்கள். திருப்தியோடு பழைய லினக்ஸை முழுவதும் அழித்துவிட்டுப் புதிய பதிப்பை ஏற்றினேன். அதன் பிறகுதான் பார்த்தேன். வெளித்தட்டில் இருந்தவை முந்தைய ஆண்டுப் படங்கள் மட்டுமே. பீமரத சாந்திப் படம் ஒன்றுகூட இல்லை. அண்ணனும் இப்போது இல்லை.

மவுண்ட் என்றால் என்ன?

விண்டோஸில் ஒவ்வொரு தட்டுக்கும் சி, டி, ஈ என்று தனித்தனி எழுத்து உண்டு. யூனிக்ஸ் வழி வந்த லினக்ஸில் அப்படி இல்லை. எல்லாம் ஒரே மரம். அதன் வேர் '/' என்ற சாய்கோடு. புதிய தட்டு எதுவானாலும் அந்த மரத்தின் ஏதாவது ஒரு கிளையில் வந்து இணைய வேண்டும். இந்த இணைப்புக்குத்தான் மவுண்ட் என்று பெயர். இணையும் இடம் மவுண்ட் பாயிண்ட். ரயில்வேக்காரன் கண்ணுக்கு இது மெயின் லைனில் கிளைப்பாதை வந்து சேரும் ஜங்ஷன்.

இணைப்பதால் தட்டில் உள்ள ஃபைல்கள் நகர்வதில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஒரு வயல்கூட இடம் பெயரவில்லை, முகவரிதான் மாறியது. மவுண்ட் என்பதும் அப்படித்தான்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தட்டு வராத நாளிலும் மவுண்ட் பாயிண்ட் ஒரு சாதாரண டைரக்டரியாக அங்கேயே இருக்கும். அன்று அதில் வைப்பதெல்லாம் கணினியின் சொந்தத் தட்டிலேயே போய் விழும். மறுநாள் வெளித்தட்டு வந்து இணைந்ததும், முன்பு விழுந்தவை அதன் அடியில் மறைந்துவிடும். அவை அழிவதில்லை, தட்டைக் கழற்றினால் மறுபடி தெரியும். நான் கழற்றிப் பார்க்காமல் கணினியை அழித்தேன். மூலப்படமும் நகலும் ஒரே தட்டில் இருந்ததால் இரண்டும் சேர்ந்து போயின.

பட்டியல் எடுப்பது எப்படி?

டெர்மினலைத் திறந்து ஃபைண்ட் என்ற ஆங்கிலச் சொல்லை அடியுங்கள். அதோடு இடைவெளி விடாமல் எம், என், டீ என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்தால் 'ஃபைண்ட்எம்என்டீ' கட்டளை கிடைக்கும். எல்லாம் சிறிய எழுத்து. என்டர் தட்டினால், இணைந்துள்ள தட்டுகள் அனைத்தும் கிளை கிளையாகத் திரையில் விரியும். நான்கு பத்திகள் இருக்கும்: இணைந்த இடம், எந்தத் தட்டு, என்ன வகை, என்ன நிபந்தனை.

முதல் முறை பார்ப்பவர் மலைத்துப் போவார். ப்ராக், சிஸ்எஃப்எஸ், டெம்ப்எஃப்எஸ் என்று கேள்விப்படாத பெயர்கள் வரிசையாக வரும். இவை தட்டுகளே அல்ல. லினக்ஸின் கருவான கெர்னல் தன் உள்விவரங்களைக் காட்டவும், நினைவகத்தில் தற்காலிகமாக எழுதவும் வைத்திருக்கும் ஏற்பாடுகள். கட்டளையின் பின் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடும் 'ரியல்' என்ற சொல்லும் சேர்த்தால் மெய்யான தட்டுகள் மட்டும் வரும்.

வகை என்ற பத்தியை ரயில்வே மொழியில் கேஜ் என்பேன். காட்பாடி – பாகாலா – திருப்பதி பாதை 1000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜாக இருந்த காலத்தில், 1676 மில்லிமீட்டர் பிராட் கேஜ் வண்டி அதில் ஏற முடியாது. தட்டும் அவ்வாறே. லினக்ஸின் வழக்கமான கேஜ் ஈஎக்ஸ்டி4, விண்டோஸின் கேஜ் என்டிஎஃப்எஸ். அந்த வகையைப் படிக்கும் நிரல் இருந்தால்தான் தட்டு இணையும்.

நிபந்தனைப் பத்தியில் முதலில் ஆர்டபிள்யூ என்றிருந்தால் எழுதலாம். ஆர்ஓ என்றிருந்தால் படிக்க மட்டுமே அனுமதி. விண்டோஸை முழுமையாக நிறுத்தாமல் உறங்க வைத்திருந்தால், அதன் தட்டு லினக்ஸில் இப்படிப் படிக்க மட்டும் இணைவதுண்டு.

தேடுவது எப்படி?

இதுதான் பாடத்தின் உயிர்நாடி. கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு '/படங்கள்' என்று கொடுங்கள். அங்கே தட்டு இணைந்திருந்தால் அதன் விவரம் ஒரு வரியில் வரும். இணையாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. அந்த மௌனமே பதில்: வண்டி வரவில்லை.

டைரக்டரிப் பெயருக்கு முன் ஒரு சிறுகோடும் பெரிய டீ எழுத்தும் சேர்த்தால், அந்த டைரக்டரி இப்போது எந்தத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லும். பதிலில் வெளித்தட்டின் பெயருக்குப் பதில் வெறும் '/' வந்தால் எச்சரிக்கை, நீங்கள் கணினியின் சொந்தத் தட்டில் எழுதப் போகிறீர்கள்.

சிறுகோடும் சிறிய டீயும் வகையைத் தேடும். ஆனால் விண்டோஸ் தட்டைத் தேடுகையில் கவனம் தேவை. சில கணினிகளில் அது என்டிஎஃப்எஸ் என்று வராமல் ஃபியூஸ்பிளாக் என்ற பெயரில் பதிவாகியிருக்கும்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் எந்தத் தட்டு எங்கே இணைய வேண்டும் என்று எழுதியிருக்கும். அது டைம் டேபிள். டைம் டேபிளில் பெயர் இருப்பதால் வண்டி பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று ஆகுமா? நமது கட்டளை, தனியே கேட்காதவரை, டைம் டேபிளைப் பார்ப்பதில்லை. இந்த நிமிடம் எது இணைந்திருக்கிறது என்று கெர்னல் வைத்திருக்கும் பதிவேட்டையே படிக்கிறது. நான் என் எஃப்எஸ்டேப்பில் 'நோஃபெயில்' என்ற நிபந்தனை எழுதியிருந்தேன். தட்டு வராவிட்டாலும் கணினி புறப்படலாம் என்பது அதன் பொருள். அதனால்தான் அன்று எச்சரிக்கை இல்லாமல் எல்லாம் நடந்தது.

வழக்கமாக்கிக் கொள்ள வேண்டியவை

1. நகல் எடுக்கும் முன் பெரிய டீ கொடுத்துத் தேடுங்கள். வெளித்தட்டின் பெயர் வந்தால் மட்டுமே தொடருங்கள்.

2. முடிந்ததும் யூமவுண்ட் கட்டளையால் தட்டைக் கழற்றுங்கள். ஆங்கிலத்தில் யூ எழுத்தை அடுத்து உடனே எம் வரும், இடையில் என் கிடையாது. கழற்றிய பின் அந்த டைரக்டரி காலியாக இருக்க வேண்டும். ஏதாவது தெரிந்தால் அது வழி தவறி விழுந்தது.

3. மூலத்தை அழிக்கும் முன் வெளித்தட்டை வேறொரு கணினியில் செருகிப் படங்களைத் திறந்து பாருங்கள்.

மூன்றும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. லைன் கிளியர் கிடைக்காமல் வண்டியை அனுப்பாதே என்று பணிக்காலம் முழுதும் பிறருக்குச் சொன்னவன் நான். வீட்டு மேசையில் அதையே மறந்தேன். ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில், சொந்தபந்தங்களின் முகம் பெரும்பாலும் இந்தத் தட்டுகளில்தான் இருக்கிறது. இன்று மாலை உங்கள் வீட்டுக் கணினியில் ஒரு முறை தேடிப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.